சிங்கப்பூரில் இருந்த சதீஷ்

அக்கா,

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா டிவியைப் போட்டேன். அந்தக் குரல் வந்தது. நமக்குப் பழக்கமான அதே டப்பிங் குரல்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரன் இன்னொருத்தன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்தி, "சொல்லுடா, நான் யாரு? என் தலைக்குள்ள என்னத்த வச்சீங்க?" என்று நம்ம ஊர்த் தமிழில் கேட்கிறான். பின்னால் ஒரு கட்டடம் பொலபொலவென்று இடிந்து விழுகிறது. என் கை தானாகப் பக்கத்தில் போயிற்று, உங்கள் தொடையைத் தட்டி "அக்கா, ஆரம்பிச்சிட்டான் பாருங்க" என்று சொல்ல. பக்கத்தில் வெறும் பாய்தான் இருந்தது.

நீங்கள் போன பிறகு நான் டிவி போட்ட முதல் ஞாயிறு இதுதான். அணைக்கவும் மனசில்லை, பார்க்கவும் முடியவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் செல்போன் என் மடியில் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்துவிட்டார். "நீயே வச்சிக்கம்மா. அது அடிக்குமோ அடிக்குமோன்னு பாத்துக்கிட்டே உக்கார முடியல" என்றார். இப்போது அந்த வேலை எனக்கு வந்திருக்கிறது.

யாராவது கேட்டால் சிரிப்பார்கள். ஓரகத்தி ரெண்டு பேர் சேர்ந்தால் மாமியாரைப் பற்றிப் பேசுவார்கள், நகை பற்றிப் பேசுவார்கள். நாம் என்ன பேசினோம்? மூளைக்குள் ஊசி போட்டு இல்லாத பொண்டாட்டியை இருக்கிறதாக நம்ப வைத்தால் அந்த மனுஷன் என்ன செய்வான் என்று பேசினோம். பீங்கான் கம்பெனியில் எதிரெதிரே உட்கார்ந்து, மடியில் இன்னும் சுடாத பச்சைப் பொம்மையை வைத்துக்கொண்டு, இதே பேச்சு. சூப்பர்வைசர் வந்து நின்று கேட்டுவிட்டு, "என்ன யக்கா, யாரு வூட்ல பிரச்சன?" என்று பயந்துபோய் விசாரித்தது ஞாபகம் இருக்கிறதா? "சினிமாப்பா, சினிமா. போயி வேலையப் பாரு" என்று விரட்டினீர்கள்.

எல்லாம் ஒரு ஹவுஸ்ஃபுல் போர்டால் வந்தது. தலைக்குக் குளித்து, பூ வைத்து, இஸ்திரி போட்ட சேலை கட்டி, பிள்ளைகள் ரெண்டையும் இழுத்துக்கொண்டு குடும்பப் படம் பார்க்கப் போனோம். டிக்கெட் இல்லை. திரும்பிப் போகலாம் என்றேன். "இவ்ளோ சிங்காரிச்சிக்கிட்டு வந்துட்டு திரும்பிப் போறதா? அடுத்த கொட்டாயில எது ஓடுதோ அத பாப்பம் வாடி" என்றீர்கள். அடுத்த தியேட்டரில் இங்கிலீஷ் படம், தமிழில் பேசிக்கொண்டு ஓடியது. கூட்டமெல்லாம் பயல்கள். சேலை கட்டிய ஆட்கள் நாம் ரெண்டு பேர்தான். சதீஷ் உங்கள் மடியில், அருண் என் மடியில். ரெண்டு பேர் வாயிலும் முறுக்கு.

கதையில் ஒரு பஸ் டிரைவர். நல்ல பொண்டாட்டி, நல்ல பிள்ளை. ஒருநாள் துப்பாக்கியோடு நாலு பேர் வந்து, உனக்குப் பொண்டாட்டியும் கிடையாது பிள்ளையும் கிடையாது, எல்லாம் உன் தலையில் நாங்கள் ஏற்றிய ஞாபகம் என்கிறார்கள். யார் சொல்வது நிஜம் என்று தெரியாமல் அவன் ஓடுகிறான், கூரைக்குக் கூரை தாவுகிறான். எனக்குத் தலை சுற்றியது. நீங்கள் மட்டும் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தியேட்டருக்கே கேட்கிற மாதிரி சொன்னீர்கள்: "ஏ மல்லி, அவ பொண்டாட்டி கையப் பாருடி! அம்மை குத்துன தழும்பே இல்ல. அவ மனுஷியே இல்லடி!"

முன் சீட்டுப் பையன் திரும்பி, "யக்கா, வெள்ளக்காரிக்கெல்லாம் அது குத்த மாட்டாங்க" என்று சிரித்தான்.

"குத்தாம எப்படி வுடுவாங்க? வூடு வூடா வந்து புடிச்சிக் குத்துவாங்க இல்ல?"

இடைவேளை முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்தப் பொண்டாட்டி தலையணைக்கு அடியிலிருந்து துப்பாக்கியை எடுத்துப் புருஷனையே சுட்டாள். நீங்கள் சீட்டைவிட்டு எழுந்து நின்று "நான் சொன்னன்ல! சொன்னன்ல!" என்று கத்தினீர்கள். பயல்கள் எல்லாம் விசிலடித்தார்கள். அந்தத் தியேட்டரில் அன்றைக்கு ஹீரோ நீங்கள்தான்.

அதற்கப்புறம் விட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அந்த மாதிரி படம் எது போட்டாலும் என் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். "ஊர்ல பொம்பளைங்க சீரியல் பாத்து அழுவுறாங்க. இவ என்னடான்னா குண்டு போடறதப் பாத்துட்டு சிரிச்சிக்கிட்டு வரா" என்று மாமா புலம்புவார். நீங்கள் படம் பார்க்கிற விதமே தனி. சண்டை வந்தால் வெங்காயம் உரிப்பீர்கள். சாதாரணமாக ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உற்றுப் பார்ப்பீர்கள். எந்த இடத்தில் பொய் இருக்கிறது என்று தேடுவீர்கள்.

அது நம் வேலையில் இருந்து வந்த பழக்கம். பீங்கான் குழம்பை அச்சில் ஊற்றி, இறுகினதும் ரெண்டாகப் பிரித்து எடுத்தால் பொம்மையின் ரெண்டு விலாவிலும் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சீவி ஈர ஸ்பாஞ்சால் துடைப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். நான் துடைத்துவிட்டேன் என்று நீட்டினால், நீங்கள் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து அக்குளிலோ காதுக்குப் பின்னாலோ மிச்சமிருக்கிற கோட்டைக் காட்டுவீர்கள். "எங்கனா ஒரு எடத்துல நிக்கும்டி. படத்துலயும் அப்படித்தான். எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் ஒரு எடத்துல வுட்டுடுவான்."

படம் முடிந்ததும் ஒரு விளையாட்டு. என் சேலையை விலக்கி, மேல்கையில் இருக்கிற அம்மைத் தழும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "நெசந்தான் இது" என்பீர்கள். நான் உங்களுடையதை அழுத்தி அதையே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எழுந்து போக மாட்டீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களுக்குப் பயங்கரக் கோபம் வரும். அந்தப் படங்களில் எப்படியும் ஓர் இடம் வரும். நிஜத்துக்கு வருகிறாயா, பொய்யிலேயே சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்பார்கள். பொய்யே போதும் என்று எவனாவது சொல்லிவிட்டால் போச்சு. "த்தூ, நீயெல்லாம் சோறுதான் துன்றியா?" என்று டிவியைத் திட்டுவீர்கள். அப்படித் திட்டின ஒருநாள்தான் என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். "எனக்கு இந்த மாதிரி எதனா ஆனா நீ மறைக்கக் கூடாது மல்லி. யாரு மறைச்சாலும் நீ சொல்லிடணும். நான் தாங்கிப்பன்." நானும் சிரித்துக்கொண்டே கையில் அடித்தேன். மூளையில் ஊசி போட விருத்தாசலத்துக்கு யார் வரப்போகிறார்கள்?

யாரும் வரவில்லை. ஒரு லாரி வந்தது.

வேப்பூரில் ஒரு காதுகுத்து. சதீஷ் பைக்கில் உங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நீலச் சட்டை. ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியிருந்தான். "தலையில போடுடா" என்று நீங்கள் கத்தினீர்கள். "ஊரத் தாண்டி போட்டுக்கறன், சும்மா நைநைங்காத" என்று அவனும் கத்தினான். அவனுக்கு உங்கள் மேல் எவ்வளவு பிரியமோ அவ்வளவு எரிச்சல். திட்டாமல் ஒரு வார்த்தை பேசத் தெரியாது. போகிற போக்கில் என்னைப் பார்த்து, "சித்தி, ராத்திரி ஒன் வூட்லதான் சாப்பாடு. இன்னைக்காவது கொழம்புல உப்பு போடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திரும்பி வரும்போது ஹைவேயில் நடந்தது. அவன் அங்கேயே போய்விட்டான். ஹெல்மெட் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வந்தது. உங்களுக்குத் தலையில் அடி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நீங்கள் கண் திறக்காமல் கிடந்தபோது இங்கே அவனை எடுத்துப் போய் எல்லாம் முடித்துவிட்டார்கள். பெற்றவள் பார்க்காமலே.

பழசெல்லாம் அப்படியே இருக்கிறது, புதுசு எதுவும் நிற்காது என்று டாக்டர் சொன்னார். அப்போது எனக்கு அது சரியாக விளங்கவில்லை. கண் திறந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "சதீஷ் எங்க?" மாமா வெளியே போய்விட்டார். எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். எனக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் சொன்னேன். நீங்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டபடி செய்துவிட்டேன் என்று ஒரு மூலையில் எனக்கு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதி நீங்கள் தூங்கி எழுகிற வரைக்கும்தான். எழுந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "வந்துட்டியா மல்லி? சதீஷ் எங்கடி?"

மறுபடி சொன்னேன். மறுபடி முதல் தடவை கேட்கிற மாதிரியே துடித்தீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் இதே கதை. ஒருநாள் மத்தியானம் மாரிலும் தலையிலும் அடித்துக்கொண்டு அழுது ஓய்ந்து, அப்படியே தூங்கிப்போய், சாயங்காலம் எழுந்து டீ கேட்டீர்கள். டீயை ஊதிக்கொண்டே, "ஏன்டி எனக்கு கண்ணு இப்படி எரியுது? மொகமெல்லாம் வீங்கிக் கெடக்குது, என்னத்த துன்னேன்? சதீஷ் டூட்டி முடிஞ்சி வந்துட்டானா?" என்றீர்கள். மாமா வாசலில் இருந்தவர் உள்ளே வந்தார். அந்த மனுஷன் என் முன்னால் அதுவரை குரல் உயர்த்திப் பேசினதில்லை. "போதும்மா. இனிமே யாரும் அவகிட்ட சொல்லக் கூடாது. அவன் சிங்கப்பூரு போயிட்டான். அவ்ளோதான்" என்றார்.

சிங்கப்பூர் சும்மா வாயில் வந்த ஊர் இல்லை. சதீஷுக்கு பாஸ்போர்ட் வந்திருந்தது. கப்பல் கட்டுகிற இடத்தில் வேலைக்கு ஏஜெண்டிடம் பேசி வைத்திருந்தான். இன்னும் ரெண்டு மாசம் உயிரோடு இருந்திருந்தால் போயிருப்பான். நடக்க வேண்டியதைத்தானே சொல்கிறோம் என்று நாங்களே எங்களைத் தேற்றிக்கொண்டோம்.

அக்கா, அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. உண்மையை எத்தனை தடவை சொன்னேன், உங்கள் தலையில் ஒரு ராத்திரி தங்கவில்லை. இந்தப் பொய் தங்கிவிட்டது. சொல்லிச் சொல்லிப் பதிந்ததோ, நீங்கள் விரும்பினதால் பதிந்ததோ, டாக்டருக்கே தெரியவில்லை. கொஞ்ச நாளில் நீங்களே வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் "பையன் சிங்கப்பூர்ல இருக்கான்" என்று சொல்ல ஆரம்பித்தீர்கள். தெருவே தலையாட்டியது. இந்தத் தெருவில் யாரிடமும் ரகசியம் தங்காது, இதை மட்டும் காப்பாற்றினார்கள். தெரிந்த பழக்கடைக்காரர்கூட "தம்பி எப்ப யக்கா லீவுல வராரு?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

நம் படங்களில் இதற்கு ஒரு பெரிய கம்பெனி வேண்டும், மிஷின் வேண்டும், கண்ணாடி போட்ட டாக்டர் வேண்டும். இங்கே ஒரு தெரு போதுமாக இருந்தது.

அப்புறம் போன் பிரச்சனை வந்தது. வெளிநாடு போன பிள்ளை பேச மாட்டானா என்று நச்சரித்தீர்கள். ஓசூரில் வேலை பார்க்கிற என் அருண் குரலும் சதீஷ் குரலும் ஒன்று. சின்ன வயசிலிருந்தே போனில் பேசினால் எனக்கே குழம்பும். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை படம் முடிகிற நேரத்துக்கு அருண் உங்கள் போனுக்கு அடித்து, "அம்மா, நான் சதீஷ் பேசறன்" என்று சொல்ல ஆரம்பித்தான். வேலை செய்கிற இடத்தில் கேமரா போன் விடமாட்டார்கள், முகம் பார்த்துப் பேச முடியாது என்று சொல்லிவைத்தோம். என்ன பேச வேண்டும் என்று முந்தின நாளே அவனுக்கு நான் சொல்லிக் கொடுப்பேன். ரூமில் நாலு பேர். ஒருத்தன் கம்மாபுரத்துப் பையன். முறை வைத்துச் சமைக்கிறார்கள். தினம் மழை. போகப் போக நான் சொல்லிக் கொடுக்காததையும் அவன் சொன்னான். கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டானாம். மேஸ்திரி நல்ல மனுஷனாம். ஒரு பூனை ரூமுக்கு வருகிறதாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். அந்தப் பூனை என்ன நிறம் என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

போன் வைக்கிற நேரம் வந்தால் நீங்கள் குழந்தை மாதிரி ஆகிவிடுவீர்கள். "வச்சிடட்டாம்மா?" என்பான். "வைக்காதடா, இன்னும் கொஞ்ச நேரம்" என்பீர்கள். அவனும் வைக்க மாட்டான்.

அருண் பொங்கலுக்கு வந்தால் நீங்கள் அவனிடமே, "ஒங்க அண்ணன் ஒனக்கு போன் பண்றானாடா?" என்று விசாரிப்பீர்கள். "பண்றான் பெரியம்மா" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விடுவான்.

வழியனுப்பின கதை நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லை. அது நீங்களே உண்டாக்கினது. ஒருநாள் திடீரென்று ஆரம்பித்தீர்கள். மெட்ராஸ் ஏர்போர்ட். வேன் வைத்துப் போனோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். காலில் விழுந்தான், தூக்கி முத்தம் கொடுத்தேன், உள்ளே போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மாமா "ஆமா, பெட்டிய நான்தான் தூக்கியாந்தன்" என்று சேர்ந்துகொண்டார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. "நானும் வந்தன் இல்லக்கா?" என்றேன்.

"நீ எங்க வந்த? வேன்ல வந்தா ஒனக்கு வாந்தி வரும்னு வரலன்னுட்ட."

நடக்காத ஒன்றில்கூட எனக்கு இடம் கொடுக்கவில்லை நீங்கள். சொன்னால் வெட்கம், அன்றைக்கு எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அதை நினைத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் கேட்டீர்கள்.

"எல்லாம் சரிதான். ஏர்போர்ட்டுக்கு எதுக்குடி அவன் ஹெல்மெட் எடுத்தாந்தான்? கையில மாட்டிக்கிட்டு நின்னான். நீலச் சட்ட போட்டுக்கிட்டு."

மாமா கையிலிருந்த சொம்பு விழுந்தது. தண்ணீர் என் கால் வரைக்கும் ஓடி வந்தது. காதுக்குப் பின்னால் மிச்சமிருந்த கோடு அது. அதை நீங்களே கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நான்தான் ஏதோ உளறினேன், அங்கே வேலைக்குத் தலைக்கவசம் வேண்டுமாம், இங்கேயிருந்தே கொண்டுவரச் சொன்னார்களாம் என்று. "ஓ" என்றீர்கள்.

அதற்கப்புறம் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊரிலேயே பொய்யை மோப்பம் பிடிக்கத் தெரிந்த ஒருத்திக்கு எதிரே உட்கார்ந்து பொய் செய்துகொண்டிருக்கிறேன். வீட்டில் தனியாக விட முடியாதென்று, சூப்பர்வைசரிடம் கெஞ்சி உங்களைக் கம்பெனிக்குக் கூட்டிப் போவேன். கைக்கு மறதி வரவில்லை. முன்னைப் போலவே சீவுவீர்கள், துடைப்பீர்கள். அப்படி ஒருநாள் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "மல்லி, சதீஷ்கிட்ட என்னமோ சரியில்லடி."

"ஏன்க்கா, நல்லாத்தானே பேசறான்?"

"அதான்டி. நல்லாப் பேசறான். சாப்ட்டியாம்மா, தூங்குனியாம்மா, மாத்திர போட்டியாம்மான்றான். எம்புள்ள இப்படியா பேசுவான்? திட்டவே மாட்டேங்கறான்டி."

எனக்குக் கத்தி நழுவி விரலில் இறங்கியது. அன்றைக்குச் சாயங்காலமே அருணுக்குப் போன் போட்டேன். "இந்த வாரம் பெரியம்மாவத் திட்டுடா" என்றேன். "பைத்தியமாம்மா ஒனக்கு? அவங்கள எப்படிம்மா திட்டறது? என்னால முடியாது" என்றான். "திட்டுடா. இல்லன்னா கண்டுபுடிச்சிடுவாங்கடா" என்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அடித்தான். நீங்கள் எப்போதும் போல "என்னடா துன்ன?" என்றீர்கள். அவன் கத்தினான். "ஏம்மா உனக்கு அறிவிருக்குதா? எப்பப் பாத்தாலும் என்ன துன்ன என்ன துன்னன்னு. வேற பேச்சே தெரியாதா? மாத்திரய நேரத்துக்குப் போடு, வெயில்ல திரியாதன்னு எத்தன வாட்டி சொல்றது? சும்மா நைநைன்னு!" அவன் குரல் நடுவில் உடைந்தது. கோபத்தில் உடைந்த மாதிரியே இருந்தது.

உங்கள் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். போனை என் பக்கம் நீட்டி, "கேட்டியா? எப்படிக் கத்தறான் பாரு! எம்புள்ளடி! எம்புள்ளடி!" என்று சிரித்தீர்கள், கண்ணில் தண்ணீர் வர. போனை வைத்த பிறகு, விபத்துக்கப்புறம் முதல் தடவையாக, என் சேலையை விலக்கி அம்மைத் தழும்பை அழுத்தினீர்கள். ரொம்ப நேரம் அழுத்தினீர்கள். "நெசந்தான்" என்றீர்கள். அன்றைக்கு எதைச் சோதித்தீர்கள் அக்கா? என்னையா, அவனையா? எல்லாம் தெரிந்துகொண்டுதான் சிரித்தீர்களா? ராப்பகலாக இதைத்தான் யோசிக்கிறேன்.

அருண் அப்புறம் என்னைக் கூப்பிட்டு விக்கி விக்கி அழுதான். "இனிமே முடியாதும்மா. பேசிட்டு வச்சா எனக்கே அண்ணன் அங்கதான் இருக்கான்னு தோணுதும்மா" என்றான். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று அவனிடம் சொல்லவில்லை. ஆனாலும் வாரா வாரம் அடித்தான். சதீஷுக்குச் சம்பளம் கூடியது. நல்லூர்ப் பக்கம் ஒரு பெண் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதற்கு, "இப்ப கல்யாணம் ஒன்னுதான் கொறச்சல்" என்று எரிந்து விழுந்தான். நீங்கள் அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். எப்படியும் அவனைச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று நம்பினீர்கள். நானும் எந்தப் புடவை கட்டுவது என்று யோசித்தேன். இதில் பாதி விளையாட்டு, பாதி இல்லை.

அப்புறம் நீங்கள் ஒரு காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டீர்கள். அதில் கஷ்டம் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். குளிப்பாட்டும்போது நான் உங்கள் மேல்கையில் அந்தத் தழும்பைத் தேடி அழுத்தினேன். ஜில்லென்று இருந்தது. "நெசந்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

உங்கள் அக்கா மகள் ஒருத்தி வாசலிலேயே மாரடித்துக்கொண்டு வந்தாள். "புள்ளகிட்டயே போயிட்டியா சித்தி, சதீஷுகிட்டயே போயிட்டியா" என்று. அக்கா, அந்த வீட்டில் அத்தனை வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. அவள் வாயைப் பொத்த ஓடினேன், உங்களுக்குக் கேட்டுவிடுமே என்று. பாதி வழியில்தான் உறைத்தது, இனிமேல் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் உங்களுக்காக அழுதார்கள். நான் சதீஷுக்காகவும் அழுதேன். அவன் செத்த அன்றைக்கு எனக்கு அழ நேரமில்லை, நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். அப்புறம் அவன் சாகவே இல்லை. கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான், பூனைக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தான், கல்யாணம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்தான். நீங்கள் மூச்சை விட்டதும் அவனும் போய்விட்டான். மாமா பரணிலிருந்து அந்த ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எழுப்பவில்லை.

இதை வெளியே சொல்ல முடியுமா? ஒருநாள் தாங்க முடியாமல் உங்கள் கொழுந்தனாரிடம், அதுதான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவன் செத்து எத்தன வருஷம் ஆவுது. இப்ப என்னத்த புதுசா?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். சிங்கப்பூரில் இருந்த சதீஷுக்குச் சாவு வீடு கிடையாது, காரியம் கிடையாது, ஒரு போட்டோகூடக் கிடையாது. அவனைத் தெரிந்தவர்கள் உலகத்தில் நாம் ரெண்டு பேர்தான். மாமாவும் அருணும் உங்களுக்காகச் செய்தார்கள். நான் உங்களோடு உட்கார்ந்து நம்பினேன். படத்தில் பொய்யே போதும் என்று சொல்கிற ஆளைப் பார்த்துத் துப்புவீர்களே, அது நான்தான் அக்கா. இப்போது நான் யாரிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன், யார் வந்து எனக்கு உண்மையைச் சொல்வார்கள்? எனக்கு உண்மை தெரியும். தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

இவ்வளவு எழுதுவதற்குள் டிவியில் படம் முடிந்துவிட்டது. வெள்ளைக்காரன் யாரென்று கண்டுபிடித்தானா தெரியவில்லை, பேர் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக அந்த நேரத்துக்கு மடியில் இருந்த உங்கள் போன் அடித்தது.

அருண் நம்பர். எனக்குப் பேச வேண்டுமென்றால் என் போனுக்கு அடிப்பான். பழக்கத்தில் கை போயிருக்கும். எடுத்தேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. உங்கள் போனை யார் எடுத்திருப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், வைத்துவிடவும் மனசு வராமல் நிற்கிறான். அவன் மூச்சு மட்டும் கேட்டது. "அருணு" என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். நான் பெற்ற பிள்ளை, கடவுளே, அவன் பேரைச் சொல்லத்தான் திறந்தேன்.

"சதீஷு, சாப்ட்டியாடா?" என்றேன்.

வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"சாப்ட்டேன் சித்தி" என்றான். "ஒன் கொழம்பு மாதிரியேதான் இருந்துச்சு. உப்பே இல்ல."

நான் அழுவது அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் அழுவது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "வச்சிடட்டா சித்தி?" என்றான்.

"வைக்காதடா" என்றேன்.